பூமியின் வரவு செலவு கணக்கு

‘வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுதே சார்... சூரியனே சூடாகிடுச்சா?’ கிராமக் கூட்டங்களில் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சூரியன் சூடாகவில்லை. 1978-ம் ஆண்டு முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை அளந்து வருகின்றன. சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது லேசாக ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். கோளாறு, பூமியின் வரவு செலவில் இருக்கிறது.

ஏக்கருக்கு ஒரு மோட்டார்!

பூமிக்கு வரும் சூரிய சக்தியை இரவு, பகல், எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கிட்டால், சதுர மீட்டருக்குச் சுமார் 340 வாட். அதில் 100 வாட்டை மேகமும் பனியும் மணலும் வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 240 வாட், பூமியைச் சூடாக்கிவிட்டு, வெப்பக் கதிராக வெளியேற வேண்டும். வரவும் செலவும் சமமானால் பிரச்னை இல்லை.

நிலக்கரி, டீசலை எரிப்பதால் பெருகும் கரியமில வாயு, வெளியேறும் வெப்பத்தைத் தடுக்கிறது. அதனால், சதுர மீட்டருக்குச் சுமார் 1 வாட் இங்கேயே தங்கிவிடுகிறது. ‘ஒரு வாட்தானே’ என்று நினைக்காதீர்கள். ஏக்கருக்குக் கணக்கிட்டால் 4,000 வாட். நிலம், கடல் என உலகம் முழுக்க ஏக்கருக்கு ஒரு 5 ஹெச்.பி மோட்டாரை வைத்து, இரவு பகலாக ஓட்டுவதற்குச் சமம்.

எப்படி அளக்கிறார்கள்?

நாசாவின் ‘செரிஸ்’ கருவிகள், 2000-ம் ஆண்டு முதல் செயற்கைக்கோளில் இருந்தபடி, பூமி திருப்பி அனுப்பும் ஒளியையும் வெப்பத்தையும் அளக்கின்றன. 340 மூட்டை ஏற்றிய லாரியில் ஒரு மூட்டை வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை இது. அதனால், கடலிலும் சரிபார்க்கிறார்கள். தங்கும் வெப்பத்தில் சுமார் 90 சதவிகிதம் கடலுக்குள்தான் போகிறது. சுமார் 4,000 ‘ஆர்கோ’ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி, 10 நாள்களுக்கு ஒருமுறை மேலே வந்து, கடலின் வெப்பநிலையை அனுப்புகின்றன. இதில் இந்தியாவின் பணியை ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் கவனிக்கிறது.

இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்ட ஆய்வு, 2021-ல் வெளியானது. 2005 முதல் 2019-க்குள், தங்கும் வெப்பம் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. மேகமும் கடல் பனியும் குறைந்து, திரும்பிப் போகும் ஒளி குறைந்ததும் ஒரு காரணம்.

நமக்கு என்ன?

ஒரு வருடம் வெயில் குறைந்தால், ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று நினைக்க வேண்டாம். அந்த வருடமும் கடலில் வெப்பம் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். சூடான கடல்தான் புயலுக்கும் பெருமழைக்கும் தீனி.

இரவு வெப்பத்தையும் கவனியுங்கள். இரவு சூடாக இருந்தால், பயிர் பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் சுவாசத்தில் செலவழித்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயலில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை 1 டிகிரி கூடினால், நெல் மகசூல் சுமார் 10 சதவிகிதம் குறைவது தெரியவந்தது.

பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால், நெல்லில் பதர் கூடும். எனவே, நவரைப் பட்ட விதைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். தோட்டப் பயிருக்கு மூடாக்கு போடுங்கள். பெருமழை நீரைப் பிடித்துவைக்க, இடமிருந்தால் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள். வானிலை அறிக்கையில் பகல் வெப்பநிலையோடு, இரவு வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். அடுத்த பட்டத்தைத் திட்டமிட, அது கைகொடுக்கும்.