சூரியக் கலத்தின் வினைத்திறன்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய கரையோர ஊர்களில் வீடுகள் மதிலோடு மதில் நெருங்கி நிற்கின்றன. வெயிலுக்குப் பஞ்சமில்லை, கூரைக்கே பஞ்சம். ஆதலின் சூரியக் கலத்தின் வினைத்திறன் இங்கு வெறும் ஆய்வுகூட வினா அன்று.

1954ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடத்தார் அமைத்த சிலிக்கன் கலம், பெற்ற ஒளியில் ஏறக்குறைய 6 சதவீதத்தையே மின்னாக்கியது. மெருகிட்ட சிலிக்கன், விழும் ஒளியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் திருப்பி எறிந்துவிடும். காரக் கரைசலில் அதனை அரித்தால் கண்ணுக்குப் புலப்படாத கூம்பகங்கள் எழும். ஒன்றில் தெறித்த ஒளி அடுத்ததிற் புகும். மேலே பூசும் சிலிக்கன் நைத்திரைட்டுப் படலமே கலத்தின் நீல நிறத்துக்குக் காரணம்.

பின்புற இழப்பே பிடிவாதமானது. ஒளி விடுவித்த இலத்திரன்கள் உலோகத்தை ஒட்டிய பரப்பில் வீணாகிவிடும். அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் கிறீன் குழுவினர் அங்கு மெல்லிய காப்புப் படலமிட்டு, சிறு துளைகளில் மட்டுமே உலோகத்தைத் தொடவிட்டனர், 1989இல் 22.8 சதவீதம் கைகூடிற்று. தனிச் சிலிக்கனின் எல்லையோ ஏறக்குறைய 29.