திரைக்கு அப்பால் இருப்பவர் யார்?

பிரிட்டனில் பிரிஸ்டல், லண்டன், வார்விக்‌ஷயர் பகுதிகளில், மனச்சோர்வுக்காகக் குடும்ப மருத்துவரை நாடி வந்த 297 பேரை ஓர் ஆய்வுக்காக இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். வழக்கமான மருத்துவம் எல்லோருக்கும் தொடர்ந்தது. ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக, பயிற்சி பெற்ற உளவியல் சிகிச்சையாளர் ஒருவர் இணையவழியே கிடைத்தார். முகம் தெரியாது, குரலும் கேட்காது. குறித்த நேரத்தில் இருவரும் கணினி முன் அமர்ந்து, தட்டச்சு செய்தபடியே பேசிக்கொண்டார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்தக் குழுவில் 38 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தனர். மற்றொரு குழுவில் மீண்டவர்கள் 24 சதவீதம். 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது. முகத்தையும் குரலையும் எடுத்துவிட்ட பிறகும் சிகிச்சை பலித்திருக்கிறது என்றால், அதில் எஞ்சி நின்றது எது? எழுதியதைப் படித்து, புரிந்துகொண்டு, திருப்பிக் கேள்வி கேட்ட ஒரு மனிதர். இணையவழி ஆலோசனை நல்லதா கெட்டதா என்று நாம் நடத்தும் விவாதம் தவறான இடத்தில் நிற்கிறது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். கவலைப்பட வேண்டியது திரையைப் பற்றி அல்ல, திரைக்கு அப்பால் இருப்பவரின் தகுதியையும் பொறுப்பையும் பற்றி.

ஒரே ஓர் ஆய்வை வைத்து இப்படிச் சொல்லிவிட முடியாதுதான். 2018-இல் ஸ்வீடன் ஆய்வாளர் பெர் கார்ல்பிரிங் குழுவினர், இணையவழிச் சிகிச்சையையும் நேரடிச் சிகிச்சையையும் ஒப்பிட்ட 20 ஆய்வுகளை, மொத்தம் 1,418 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்து அலசினார்கள். இரண்டுக்கும் இடையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், இத்தகைய ஆய்வுகளில் சேருகிறவர்கள் பெரும்பாலும் தாமாக முன்வந்தவர்கள், இணையத்தில் பழகியவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்னும் நுட்பமான பாடம் 2012-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில் இருக்கிறது. மனச்சோர்வு கொண்ட 325 பேரில் ஒரு பாதிக்குத் தொலைபேசியில் சிகிச்சை, மறுபாதிக்கு நேரில். நேரில் வந்தவர்களில் 32.7 சதவீதம் பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். தொலைபேசியில் நின்றவர்கள் 20.9 சதவீதம் மட்டுமே. சிகிச்சை முடிந்த நாளில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, நேரில் சந்தித்தவர்களின் நிலை சற்று மேலாக இருந்தது. அதாவது, தொலைவு ஆளைத் தக்கவைக்கிறது. நேர்முகம் பலனைக் கொஞ்சம் கூடுதலாகத் தக்கவைக்கக்கூடும். இரண்டையும் ஒளிக்காமல் சொல்வதே நேர்மை. ஆனால், பேருந்து பிடித்து, விடுப்பு சொல்லி, யார் பார்ப்பார்களோ என்று கூசி, மூன்றாவது வாரமே நின்றுவிடும் ஒருவருக்கு அந்தக் கூடுதல் பலன் எட்டவே எட்டாது.

திரை வழியாகவும் சிகிச்சை பலிப்பது ஏன்? 1979-இல் எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர், ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையிலான உறவை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். எதை அடைய வேண்டும் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையில் நம்பிக்கை. இந்த உறவு வலுவாக இருக்கும் இடத்தில் பலனும் கூடுதலாக இருப்பதை அதன் பிறகு வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடைமுறையில் இது எப்படி இருக்கும்? மேலதிகாரி காலை வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போகிறார். ‘என்மேல் கோபம், வேலை போகப்போகிறது’ என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. நாள் முழுக்க வயிற்றைப் பிசைகிறது. ஆலோசகர் இதை மூன்று பத்திகளாக எழுதிவைக்கச் சொல்கிறார்: நடந்தது என்ன, மனம் சொன்னது என்ன, அதற்கு ஆதாரம் என்ன. அடுத்த வாரம் அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, ‘அன்றைக்கு வேறு யாருக்காவது அவர் பதில் சொன்னாரா?’ என்று கேட்கிறார். இந்த வேலைக்கு ஓர் அறையும் சோபாவும் கட்டாயமில்லை. ஆனால், அடுத்த வாரம் மறக்காமல் அந்தத் தாளைக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். 2021-இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வெளியான ஒரு பெரிய பகுப்பாய்வு இதையே உறுதிப்படுத்தியது. இணையவழிப் பயிற்சியைத் தாமே செய்தவர்களைவிட, வழிகாட்டி ஒருவரோடு செய்தவர்கள் மேலாகத் தேறினார்கள். லேசான மனச்சோர்வில் இந்த வித்தியாசம் பெரிதில்லை. சோர்வு கடுமையாகக் கடுமையாக, வழிகாட்டியின் அருமை தெரிந்தது. ஆள் இல்லாமல் செயலி மட்டும் போதும் என்று விற்கப்படுவதைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பேன்.

நம் நாட்டுக்கு இது ஏட்டு விவாதம் அல்ல. பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. கோளாறின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரையிலானவர்கள் சிகிச்சையே பெறவில்லை. இவர்களுக்கு முன் இருப்பது திரையா நேரடியா என்ற தேர்வு அல்ல. திரையா, ஒன்றுமே இல்லையா என்பதுதான். தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி உண்டு. சென்னையின் ஸ்கார்ஃப் மனநலத் தொண்டு நிறுவனம் 2010-இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பத் தொடங்கியது. பேருந்துக்குள் நோயாளி அமர, திரையில் மனநல மருத்துவர் பேசுவார். எழுதிக்கொடுத்த மருந்து அந்தப் பேருந்திலேயே கிடைக்கும். களப்பணியாளர்கள் வீடு தேடிப்போய் நிலைமையை விசாரிப்பார்கள். அங்கே தொழில்நுட்பம் தூரத்தைக் கடந்தது, மனிதர்கள் சிகிச்சையைத் தாங்கினார்கள்.

உடல்மொழி தொலைந்துவிடுமே என்பது வழக்கமான மறுப்பு. உண்மைதான்: நடுங்கும் கை, ஆடும் கால், மெலிந்துவரும் உடல் எதுவும் கேமராச் சட்டத்துக்குள் வராது. ஆனால், பார்க்க முடியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பயிற்சி பெற்றவருக்குத் தெரியும். அதைவிடக் கனமான மறுப்பு, தற்கொலை எண்ணத்தின் விளிம்பில் நிற்பவரைத் திரை வழியாக எப்படிக் காப்பது என்பது. இங்கே நான் மறுப்பாளர்களின் பக்கம். உயிராபத்து, மாயக்குரல்கள், தீவிர போதைப்பழக்கம் ஆகியவற்றுக்கு நேரடிச் சிகிச்சையே வேண்டும். பொறுப்பான ஆலோசகர் முதல் அமர்விலேயே இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்வார்: இப்போது நீங்கள் இருக்கும் முகவரி, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண். இதைக் கேட்காத ஒருவரிடம் மனம் திறப்பது ஆபத்து.

ரகசியம் இன்னொரு கவலை, அதற்கும் சான்றுகள் உள்ளன. பின்லாந்தின் வஸ்தாமோ உளவியல் சிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட குறிப்புகளைக் காட்டி, 2020-இல் நோயாளிகளிடமே பணம் கேட்டு மிரட்டல் விடுக்கப்பட்டது. அங்கே சிகிச்சை பெற்றவர்களில் பலரும் நேரில் போனவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருடு போனது கணினியில் இருந்த குறிப்பு. வாடிக்கையாளர் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் முதலிய நிறுவனங்களோடு பகிர்ந்ததாக, இணையவழி ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023-இல் அந்நிறுவனம் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. நம் வீடுகளில் சிக்கல் இதைவிட எளிமையானது, கடினமானதும்கூட. ஒற்றைப் படுக்கையறை வீட்டில், மாமியாருக்குக் கேட்காமல் ஒரு மருமகள் எங்கே உட்கார்ந்து பேசுவாள்? அவளுக்கென்று தனியாக ஒரு கைபேசியே இல்லாவிட்டால்? எந்த மென்பொருளும் இதற்கு விடை தராது. வீட்டில் ஆளில்லாத நேரத்தைக் கேட்டு அமர்வை மாற்றித் தரும் ஆலோசகர்தான் தர முடியும்.

இந்தியாவில் பலவீனமான கண்ணி, தகுதிதான். மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். மனநல மருத்துவர்களுக்கு மருத்துவக் கவுன்சில் பதிவு உண்டு. ‘கவுன்சிலர்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வதற்கோ, நெடுங்காலமாக எந்த உரிமமும் தேவைப்படவில்லை. சில நாள் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் பல ஆண்டு பயின்றவரும் ஒரே செயலியில் அடுத்தடுத்த படங்களாகத் தெரிவார்கள். ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவரும் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது; அது களத்தில் முழுமையாக வேரூன்றும் வரை சரிபார்க்கும் சுமை நோயாளியின் தலையில்தான். உடனடி உதவிக்கு அரசின் டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் முதல் இயங்கும் அதில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. வாரா வாரம் தொடரும் சிகிச்சைக்குச் சேருகிறவர், பணம் கட்டும் முன்பே மூன்றைக் கேட்க வேண்டும்: என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன, என்னைப் பற்றிய குறிப்புகள் எங்கே இருக்கும். மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டை அதன் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம்.