கேட்டால் ஒரு பதில், பார்த்தால் வேறு பதில்

மானியத்தில் வாங்கிய கோனோவீடர் மாட்டுக்கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதை நெல் சாகுபடி உள்ள பல ஊர்களில் பார்க்கலாம். வாங்கியவரைக் கேட்டால், "நல்ல கருவிதாங்க, தள்ளுறதுக்கு ஆள்தான் கிடைக்கலை" என்பார். களையெடுக்க வரும் பெண்களைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்குங்க" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் நல்லது என்கிறார்கள், ஆனால் யாரும் தொடுவதில்லை. 'நம்ம விவசாயிங்க புதுசை ஏத்துக்க மாட்டாங்க' என்று கோப்பை மூடிவிடுவது இந்த இடத்தில் வழக்கம். அது சோம்பேறித்தனமான முடிவு.

செல்போன் செயலி தயாரிக்கும் நிறுவனங்கள் இப்படி விடுவதில்லை. செயலியை நாலு பேர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். விரல் எங்கே தடுமாறுகிறது, எந்த இடத்தில் நின்று யோசிக்கிறார்கள் என்று குறிப்பெடுக்கிறார்கள். கருத்து கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். விவசாயத்தில் இதை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். பயிர் உருளைக்கிழங்கு, இடம் தென்னமெரிக்காவின் பெரு நாடு.

பெருவின் தலைநகர் லிமாவில் 1971-ல் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் விஞ்ஞானிகள் ஆண்டிஸ் மலையில் உள்ள மந்தாரோ பள்ளத்தாக்கில் சேமிப்பு இழப்பைக் குறைக்கும் வேலையில் இறங்கினார்கள். பள்ளத்தாக்கு என்று பெயர்தான், உயரம் 3,000 மீட்டருக்கு மேல். நம் தொட்டபெட்டாவே அதற்குக் கீழே. அங்கே விவசாயிகள் கிழங்கை வீட்டுக்குள் இருட்டறையில் போட்டு வைத்தார்கள். அதில் ஒரு பகுதி சுருங்கியது, ஒரு பகுதி கெட்டது. விஞ்ஞானிகள் கணக்கில் இது இழப்பு. நல்ல கிடங்கு கட்டிக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

அந்தக் குழுவில் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம் தெரிந்த ராபர்ட் பூத் இருந்தார். கூடவே மானிடவியல் படித்த ராபர்ட் வெர்ஜ் வேலை செய்தார். பின்னால் ராபர்ட் ரோட்ஸ் வந்தார். மானிடவியலாளரின் வேலை வீடுகளுக்குப் போவது, கிழங்கு எங்கே வைக்கப்படுகிறது, யார் எடுக்கிறார்கள், எடுத்தது எங்கே போகிறது என்று பார்ப்பது. பார்த்தபோது கணக்கு மாறிப்போனது. கெட்டது என்று எழுதிய கிழங்கு பன்றிக்குத் தீவனமாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு பங்கை உலர்த்தி வற்றலாக்கி வைத்தார்கள். சுருங்கிய கிழங்கு இனிப்பாக இருக்கும் என்று வீட்டுப் பெண்களே சொன்னார்கள். அந்த வீடுகளில் கிழங்கு வீணாகவில்லை. இல்லாத நோய்க்கு மருந்து தயாராகிக்கொண்டிருந்தது.

விவசாயிகளின் உண்மையான தொல்லை விதைக்கிழங்கில் இருந்தது. புதிய ரகங்களை வழக்கம்போல இருட்டறையில் வைத்தால் வெள்ளை வெளேர் என்று நீள நீளமாக முளைவிட்டன. நடுவதற்கு முன் உட்கார்ந்து அத்தனையையும் பிய்த்துப் போட வேண்டும். ஆள் செலவு ஒரு பக்கம், விதையின் வீரியம் குறைவது இன்னொரு பக்கம். இதற்கான விடை விஞ்ஞானிகள் கையிலேயே இருந்தது. நேர் வெயில் படாமல் பரவலான வெளிச்சம் படும் இடத்தில் விதைக்கிழங்கை வைத்தால் முளை குட்டையாக, தடிமனாக, பச்சையாக வரும், எளிதில் ஒடியாது.

ஆராய்ச்சி நிலையத்தில் தட்டுகளில் அடுக்கிக் காட்டினார்கள். விவசாயிகளுக்குப் பிடித்தது. ஆனால் தட்டு என்ன விலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதன்பின் தட்டை விட்டுவிட்டு, உள்ளூர் மரத்தில் சாதாரணப் பரண் அடித்தார்கள். தனிக் கிடங்கு யோசனையையும் கைவிட்டார்கள். கிழங்கு வீட்டோடு இருந்தால்தான் திருட்டு பயம் இல்லை, வேண்டும்போது எடுக்கவும் வசதி. வீட்டுத் தாழ்வாரத்தில் வெளிச்சம் தானாகவே கிடைத்தது. பிறகு பரவிய விதம்தான் சுவாரஸ்யம். பரணை அப்படியே நகல் எடுத்தவர்கள் குறைவு. பெரும்பாலோர் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். இலங்கை, பிலிப்பைன்ஸ் உட்பட பல நாடுகளுக்கு இந்த முறை போனது. இந்த அனுபவத்தை ரோட்ஸும் பூத்தும் 1982-ல் எழுதி வெளியிட்டார்கள். ஆராய்ச்சி விவசாயியிடம் தொடங்கி விவசாயியிடமே போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

நீலகிரி, கொடைக்கானல் விவசாயிகளுக்கு ஒரு எச்சரிக்கை. இது விதைக்கிழங்குக்கு மட்டும். வெளிச்சத்தில் பச்சையான கிழங்கில் நச்சு சேரும்; அதைச் சமைக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அசுவினி வந்தால் வைரஸ் நோயைப் பரப்பும் என்பதால் பரணைச் சுற்றிப் பூச்சி வலை கட்டுவது நல்லது.

இனி கோனோவீடருக்கு வருவோம். உழவர் குழுக்கள் ஒரு நோட்டும் கைக்கடிகாரமும் வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்யலாம். வேலை செய்பவர்களிடம் முதலிலேயே சொல்லி, சம்மதம் வாங்கிவிட வேண்டும்: "உங்க வேலையைப் பார்க்கலைங்க, கருவி எப்படி ஓடுதுன்னு பார்க்கிறோம்." சொல்லாமல் ஒளிந்து பார்ப்பது தவறு. யாராவது பார்க்கிறார்கள் என்றால் நாம் எல்லோருமே கொஞ்சம் விறைப்பாகத்தான் நடப்போம், அதனால் முதல் ஒரு மணி நேரக் குறிப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அதன்பின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, அந்த நொடியில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்று ஒரு கோடு போட வேண்டும். தள்ளுகிறாரா, உருளையில் சிக்கிய வேரைப் பிடுங்குகிறாரா, சேற்றிலிருந்து கருவியைத் தூக்குகிறாரா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா என்று கட்டங்களை முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தனித்தனியே எழுதி மாலையில் ஒப்பிட்டால், கணக்கு ஒத்துப்போகாத கட்டம் எது என்று தெரியும். அதை எப்படி எழுதுவது என்று பேசித் தெளிவாக்கிக்கொண்டு மறுநாளும் பாருங்கள். ஒரு நாள் கணக்கை நம்பிக் கருவியைக் குறை சொல்லக் கூடாது.

'ஏன்' என்ற கேள்வி சாப்பாட்டு நேரத்துக்கு. "கருவி நல்லா இருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு நல்லா இருக்கு என்பார்கள். "அந்த வரப்போரம் மூணு தடவை தூக்கினீங்களே அக்கா, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். கைப்பிடி உயரம் ஆணுக்கு அளவெடுத்தது, வரிசை அகலம் போதவில்லை, தண்ணீர் வற்றி மண் இறுகிவிட்டது என்று ஒவ்வொன்றாக வரும். மூன்றாவது காரணமென்றால் கருவியை ஒன்றும் செய்ய வேண்டாம், முந்தின நாள் தண்ணீர் கட்டினால் போதும். கைப்பிடி என்றால் ஊர் வெல்டிங் பட்டறையில் குறைத்துக்கொள்ளலாம். வரிசை அகலம் என்றால் அடுத்த நடவின்போது கயிறு பிடிப்பவரிடம் பேச வேண்டும்.