பன்னிரண்டாம் வாரத்தில் தெரியும் வெள்ளை வளையம்

கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும் வைத்தியர், சிசுவின் தலையில் முதலில் தேடுவது ஒரு வெள்ளை வளையத்தை. அதுதான் மண்டையோடு. காதுக்குக் கேட்காத ஒலியலை எலும்பில் பட்டுத் திரும்பினால் திரையில் வெள்ளையாக விழும். நீர் கறுப்பாகத் தெரியும்.

அரிதாகச் சில சிசுக்களுக்கு அந்த வளையமே இராது. கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிட வேண்டிய நரம்புக் குழாய் தலைப்பக்கம் திறந்தே நின்றுவிட்டால், மேல்மண்டை உருவாகாது. பனிக்குட நீரில் காப்பின்றிக் கிடக்கும் மூளை மெல்ல மெல்லச் சிதையும். அப்படிப் பிறக்கும் பிள்ளை சில மணித்தியாலமோ சில நாளோதான் உயிரோடிருக்கும். 1972இல் பிரித்தானிய வைத்தியர் ஸ்டுவர்ட் கேம்பலின் குழு இதை 17ஆம் வாரத்தில் ஸ்கேனில் கண்டது அன்று பெரிய சாதனை. இன்று 11 முதல் 14 வாரத்துக்குள் கண்டுவிடலாம்.

முன்மூளை இரண்டாகப் பிரியாத கோளாறும் அந்த வாரங்களிலேயே பிடிபடுவதுண்டு. மண்டையோட்டின் துவாரம் வழியே மூளையின் உறை வெளியே பிதுங்கும் நிலையில், பிதுங்கியது வெறும் நீர்ப்பையா, மூளைத் திசுவும் சேர்ந்ததா என்பதைப் பொறுத்தே பிள்ளையின் எதிர்காலம் அமையும். ஸ்கேனில் தெளிவில்லாவிட்டால், 20 வாரத்துக்குப் பின் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும்.

இப்படிக் கண்டறிந்தாலும், இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. சிசு பிழைக்காது என்று உறுதியானாலும் தாய் சுமந்தே ஆகவேண்டும். இது கொடுமை என்பதே என் எண்ணம். ஆனால், அதனால் ஸ்கேன் வீண் என்றாகிவிடாது. சத்திரசிகிச்சையால் காப்பாற்றக்கூடிய பிள்ளையை, அதற்கான வைத்தியர்கள் இருக்கும் இடத்திலேயே பிரசவிக்க ஏற்பாடு செய்யலாம். காப்பாற்ற முடியாதென்றால், பிரசவ அறையில் திடுக்கிட்டு நிற்காமல் குடும்பம் முன்பே மனதைத் தயார்படுத்திக்கொள்ளலாம்.

தெல்தோட்டை, கலஹா தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கண்டிக்கு வருவதென்றால் ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். என்றாலும் வயிறு தெரியும்வரை காத்திருக்காதீர்கள்; நாள் தள்ளியதுமே மருத்துவிச்சியிடம் பதியுங்கள்.

அதைவிட முக்கியம் ஃபோலிக் அமில மாத்திரை. ஏற்கெனவே நரம்புக் குழாய்க் கோளாறுள்ள பிள்ளையைச் சுமந்த தாய்மாருக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் கொடுத்தபோது, அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்ததென 1991இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. அப்படியொரு பிள்ளையை இழந்தவர்கள் அடுத்த கருவுக்கு முன்பே வைத்தியரிடம் அளவைக் கேளுங்கள். புதிதாகக் கல்யாணம் முடித்தவர்களும் இந்த மாத்திரையை மருத்துவிச்சியிடம் கேட்டு வாங்குங்கள். இலவசமாகவே தருவார்கள்.