குளியலறை மின் இணைப்பு: வணிகர் வீடுகளில் கவனிக்க வேண்டியவை

குலசேகரன்பட்டினம், உடன்குடி, மணப்பாடு வட்டாரத்தில் நம் மளிகைக்கடைக்காரர்கள் பலருக்கு முன்னால் கடை, பின்னாலோ மாடியிலோ வீடு. தசராவுக்கு வேஷம் கட்டி வரும் பக்தர்களுக்கு அறையும் குளியலறையும் வாடகைக்கு விடுவோரும் உண்டு. கடைப் பூட்டையும் கல்லாப் பூட்டையும் தினமும் இழுத்துப் பார்க்கிற நாம், ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிற இடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

"எம்.சி.பி. இருக்கிறது, எர்த்தும் போட்டிருக்கிறது, பிறகென்ன பயம்?" என்று கேட்கலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நனைந்த உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர். இது கால் ஆம்பியருக்கும் குறைவு. கீசருக்குப் போட்ட 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கெல்லாம் விழாது. ஆனால் சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகும். 30-ஐத் தாண்டி, நேரமும் கூடினால் இதயத் துடிப்பு நிலைகுலைந்து உயிர் போகலாம். பியூஸும் எம்.சி.பி.யும் வயர் எரியாமல் காப்பதற்காக வைத்தவை. ஆளைக் காப்பது அவற்றின் வேலை அல்ல.

எர்த் அவசியம்தான், அது மட்டும் போதாது. நம் பக்கத்துத் தேரி மணல் காய்ந்துவிட்டால் மின்சாரத்தை எளிதில் உள்வாங்காது. எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால், கீசரின் உடலில் மின்சாரம் இறங்கினாலும் மண்ணுக்குள் போவது அதிகபட்சம் 11.5 ஆம்பியர். அப்போதும் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாமல், தொட்டவரைத் தாக்கும் நிலையிலேயே கீசர் நிற்கும். கடல் காற்றும், குழியில் இட்ட உப்பும் எர்த் பைப்பையும் கம்பி முனையையும் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கருவி கொண்டு தடையை அளக்கச் சொல்லுங்கள்.

ஆளைக் காப்பதற்கென்றே உள்ளது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. பேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிகள், வீடுகளுக்கு இக்கருவி 30 மில்லி ஆம்பியருக்கு மிகாமலும், மற்ற இணைப்புகளுக்கு 100-க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கின்றன. 2 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு இணைப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பெரும்பாலான கீசர்கள் தனியாகவே 2 கிலோவாட் இழுப்பவை.

கடையும் வீடும் ஒரே மெயினில் உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். கடை போர்டில் 100 மில்லி ஆம்பியர் கருவி இருந்தால், குளியலறையில் நிற்பவரின் உயிருக்கு அது காவல் ஆகாது. குளியலறை லைனுக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் கருவி போடவும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் உண்டா என்று பார்க்கவும்.

வயரிங் செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. குளிப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்ச் கூடாது. கதவுக்கு வெளியே வைப்பது நலம்.

2. குளியலறைக்குள் பிளக் பாயிண்ட் தவிர்க்க முடியாததென்றால், தரையிலிருந்து 130 சென்டிமீட்டருக்குக் கீழே கூடாது. தண்ணீர் தெறிக்கும் இடத்திலும் கூடாது.

3. கீசருக்குத் தனி லைன், தனி எம்.சி.பி., எர்த்துடன் கூடிய 16 ஆம்பியர் மூன்று முனை பிளக் வேண்டும். விளக்கு லைனிலிருந்து இழுக்கக் கூடாது.

4. ஆர்.சி.சி.பி.யில் உள்ள "டி" பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும். விழாவிட்டால் உடனே மாற்றவும்.

5. அடிக்கடி விழுகிறது என்று சொல்லி, கருவியைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். எங்கோ கசிவு இருக்கிறது அல்லது நியூட்ரல் மாறிக் கிடக்கிறது என்றே பொருள். உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யவும்.

இக்கருவி இருக்கிறதே என்று அலட்சியமும் வேண்டாம். ஒரு கை பேஸையும் மறு கை நியூட்ரலையும் தொட்டால் இதற்குத் தெரியாது. வாளியில் தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டர் ராடை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். கடையில் இந்த ராடு விற்பவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதையே வாங்கி வைத்து, வாடிக்கையாளருக்கும் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்புங்கள்.

தசரா கொடியேறும் முன் ஒருநாள் ஒதுக்கி வயர்மேனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும், நம்மை நம்பித் தங்க வருபவர்களும் பத்திரமாக இருப்பார்கள்.