முடியளவு நீட்சியில் நிற்கும் சக்கரம்

காரின் சக்கரத்தைக் கழற்றும்போது அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வீல் ஸ்பானரால் நான்கு அல்லது ஐந்து நட்டுகளை எடுத்துவிட்டால் போதும், சக்கரம் கையோடு வந்துவிடும். உள்ளே சுண்டுவிரல் கனத்தில் திருகு தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றுக்கு ஸ்டட் என்று பெயர். பட்டறைகளில் வீல் போல்ட் என்றும் சொல்வார்கள். சக்கரம் பொருந்தும் இரும்புக் குடத்தில் இவை பின்புறமிருந்து இறுகச் செருகப்பட்டிருக்கின்றன. (மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருப்பதற்கும் குடம் என்றுதான் பெயர். மெக்கானிக்குகள் ஹப் என்பார்கள்.)

ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள வண்டி, அதற்குள் ஐந்து பேர், போதாக்குறைக்குச் சாலைப் பள்ளங்கள். இவ்வளவையும் இந்த ஒல்லித் தண்டுகள் எப்படித் தாங்குகின்றன? சுவரில் அடித்த ஆணியில் சட்டை தொங்குவதுபோல, ஸ்டட்டின்மேல் சக்கரம் தொங்குகிறது என்று பதில் சொல்லத் தோன்றும். அது சரியன்று.

இரண்டு புத்தகங்களை ஒன்றோடொன்று சேர்த்து, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே அழுத்திப் பிடியுங்கள். அடியில் தாங்க எதுவும் இல்லை. ஆயினும் புத்தகங்கள் விழுவதில்லை. அழுத்தம் இருக்கும்வரை உராய்வு அவற்றைப் பிடித்து வைக்கிறது. சக்கரமும் குடமும் அந்த இரு புத்தகங்களைப் போன்றவை. ஸ்டட்டும் நட்டும் உள்ளங்கைகளின் வேலையைச் செய்கின்றன. சுமையைத் தாங்குவது பெரும்பாலும் உராய்வுதான்; ஸ்டட்டின் வேலை சக்கரத்தைக் குடத்தோடு சேர்த்து இழுத்துப் பிடிப்பது.

எவ்வளவு விசையுடன் இழுக்கிறது? கொஞ்சம் கணக்குப் போடுவோம். டொயோட்டா, ஹோண்டா நிறுவனங்களின் பல கார்களில் ஸ்டட்டின் விட்டம் 12 மில்லிமீட்டர். புரியிடைத் தூரம் 1.5 மில்லிமீட்டர். நட்டை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையில் முடுக்குவது வழக்கம். அதாவது, 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 40 கிலோ எடையை வைத்தது போன்ற திருப்பம். எண்ணெய் படாத புரிகளுக்குப் பொறியியலார் ஒரு தோராய விதி வைத்திருக்கிறார்கள்: திருப்புவிசையை விட்டத்தாலும் 0.2 என்ற எண்ணாலும் வகுத்தால் ஸ்டட்டின் இழுவிசை கிடைக்கும். வகுத்துப் பாருங்கள், சுமார் 42,000 நியூட்டன் வரும். ஓர் ஒற்றை ஸ்டட்டில் 4 டன்னுக்கு மேல் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம் இது! நான்கு ஸ்டட்டுகளும் சேர்ந்தால் 17 டன். உராய்வுக் குணகத்தை 0.15 என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், சக்கரம் குடத்தின்மேல் வழுக்குவதற்கு 25,000 நியூட்டன் விசை வேண்டும். நின்றுகொண்டிருக்கும் காரில் ஒரு சக்கரத்தின் பங்குக்கு வருவதோ 3,000 நியூட்டனுக்குள்தான். பள்ளத்தில் விழும்போதும் திடீரென்று பிரேக் போடும்போதும் அது பல மடங்கு ஏறும் என்பதற்காகவே இவ்வளவு கையிருப்பு.

இந்தப் பெரிய இழுவிசை எங்கிருந்து வருகிறது என்பதுதான் சுவையான பகுதி. நட்டை முடுக்கும்போது ஸ்டட் நீள்கிறது. எஃகுத் தண்டு ஒரு கடினமான வில்சுருள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஹூக் விதிப்படி, நீட்சிக்கு ஏற்ற அளவு அது திரும்பி இழுக்கும். புரிகள் உள்ள இடத்தில் ஸ்டட்டின் பயனுள்ள குறுக்குப்பரப்பு 88 சதுர மில்லிமீட்டர். எஃகின் யங் குணகம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டன். நட்டுக்கும் ஸ்டட்டின் தலைக்கும் இடையே 25 மில்லிமீட்டர் நீளம் இருந்தால், நீட்சி வெறும் 0.06 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன்தான்! உங்கள் பள்ளி ஆய்வகத்துத் திருகு அளவியின் தலைக்கோலில் ஆறே பிரிவுகள். வண்டியின் சக்கரம் இந்த நீட்சியை நம்பித்தான் நிற்கிறது.

ஸ்டட்டும் நட்டும் பழுதாகும் வழிகள் இதிலிருந்தே விளங்கிவிடும்.

முதலாவது, அளவுக்கு மீறி முடுக்குவது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 30 சென்டிமீட்டர் ஸ்பானரின் முனையில் ஏறி நின்றால் திருப்புவிசை 176 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். இழுவிசை 73,000 நியூட்டனைத் தாண்டும். 10.9 என்ற தரக் குறியுள்ள எஃகை எடுத்துக்கொள்வோம். இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் எண்ணை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டனில் அறும் என்று பொருள்; .9 என்றால், அதில் 90 சதவீதத்திலேயே நிலையாக நீளத் தொடங்கும் என்று பொருள். நம் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு அந்த எல்லை 79,000 நியூட்டன். முறுக்குவதால் எழும் தகைவும் கூடச் சேருமாதலால் எல்லை இன்னும் முன்னதாகவே வந்துவிடும். ஸ்பானரில் குழாய் மாட்டி எம்புகிறவரும், காற்றுத் துப்பாக்கியை விடாமல் அழுத்திப் பிடிக்கிறவரும் என்ன செய்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? மீட்சி எல்லையைத் தாண்டிய ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பாது. புரிகளின் இடைவெளியும் நீண்டுபோயிருக்கும். விரலால் சுழற்றும்போது வழுக்கிக்கொண்டு ஓடவேண்டிய நட்டு, ஓரிடத்தில் வந்து சிக்கும். அப்படிச் சிக்கினால் அந்த ஸ்டட்டை மாற்றிவிட வேண்டியதுதான்.

புரியில் எண்ணெய் பூசினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். முடுக்கும் உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. சுமார் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. எண்ணெய் அந்த உராய்வைக் குறைத்துவிடும். விதியிலுள்ள 0.2 என்ற எண் 0.15 ஆகிவிட்டால், அதே 100 நியூட்டன் மீட்டர் திருப்பத்தில் இழுவிசை 55,000 நியூட்டனுக்கு ஏறிவிடும். அதனால்தான் கார் நிறுவனங்கள் பலவும் புரிகள் காய்ந்திருக்க வேண்டும் என்கின்றன.

இதற்கு நேர் எதிரானது இழுவிசை குறைவது. சக்கரத்துக்கும் குடத்துக்கும் நடுவே துருவோ தடித்த பெயின்ட்டோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது அது 0.03 மில்லிமீட்டர் நசுங்கினால் போதும். இருந்த நீட்சியில் பாதி போயிற்று. இழுவிசையிலும் பாதி போயிற்று. நட்டு ஒரு சுற்றுக்கூடத் திரும்பவில்லை, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை!

தளர்ந்த ஸ்டட்டின் கதி பரிதாபமானது. நன்றாக இறுகிய ஸ்டட், சுமை ஏறி இறங்குவதை அதிகம் உணர்வதில்லை. தளர்ந்ததோ, சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு 550 சுற்றுகள். சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் இரண்டரை லட்சம் தடவை. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது நமக்குத் தெரிந்ததுதானே? உலோகத்தின் இந்தக் களைப்பை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர். 1842இல் பிரான்ஸில் வெர்சாயிலிருந்து பாரிஸ் சென்ற ரயிலின் எஞ்சின் அச்சு ஒடிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு அச்சுகள் ஏன் ஒடிகின்றன என்பது பெரிய கேள்வியாயிற்று. வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்தார். ஒரே தடவையில் ஒடிக்கத் தேவையானதைவிட மிகக் குறைந்த சுமைகூட, பல்லாயிரம் முறை வந்தால் ஒடித்துவிடும் என்று காட்டினார். இப்படி ஒடிந்த ஸ்டட் கிடைத்தால் அதன் முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாக, சிப்பியின் மேலுள்ளவை போன்ற வரிகளுடன் இருக்கும். மெல்ல மெல்ல விரிசல் ஓடிய இடம் அது. மீதி சொரசொரப்பாக இருக்கும். அது கடைசி நொடியில் அறுந்தது.

ஒன்று ஒடிந்தால் அதன் பங்குச் சுமையை அண்டையிலுள்ள இரண்டும் சுமந்திருக்கும். ஆகவே அவற்றையும் மாற்றுவது நல்ல வழக்கம். இரண்டு ஒடிந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் உள்ள அனைத்தையும் மாற்றிவிடுவார்கள்.

மாற்றும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்தான் செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டியை ஸ்டாண்டின்மேல் நிறுத்தி, சக்கரத்தையும் பிரேக் டிரம்மையோ தட்டையோ எடுத்துவிடுவார். ஸ்டட்டின் கழுத்தில் நீளவாக்கில் பற்கள் உண்டு. குடத்தின் துளையைக் கவ்விக்கொண்டு, நட்டோடு சேர்ந்து சுழலாமல் ஸ்டட்டை நிறுத்துபவை அவை. பழைய ஸ்டட்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தும் வெளியேற்றலாம். ஆனால் அந்த அடி பேரிங் குண்டுகளின் வழியே போய், அவை ஓடும் பாதையில் குழி விழச் செய்யும். அழுத்தும் கருவியால் தள்ளுவதே மேல். புதிய ஸ்டட்டைப் பின்புறமிருந்து செருகி, முன்புறம் சில வாஷர்களையும் ஒரு பழைய நட்டையும் போட்டு முடுக்கினால் அது உள்ளே இழுபடும். அந்த நட்டை அப்புறம் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஸ்டட்டின் தலை குடத்தின் முதுகில் முழுமையாகப் படிந்திருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். துளி இடைவெளி இருந்தாலும் சாலையில் போகும்போது அது படியும், நம்முடைய 0.06 மில்லிமீட்டர் மறைந்துவிடும்.

நட்டும் அந்தச் சக்கரத்துக்கு உரியதாகவே இருக்க வேண்டும். சில நட்டுகளின் அடி கூம்பு வடிவம், சிலவற்றுக்குக் கோள வடிவம், சில தட்டையானவை. கோளக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய வளையக்கோட்டில் மட்டுமே தொடும். விரைவில் நசுங்கித் தளரும். எந்த நட்டையும் முதல் சில சுற்றுகள் விரலால்தான் திருப்ப வேண்டும். கோணலாக ஏறினால் விரலுக்குத் தெரிந்துவிடும். காற்றுத் துப்பாக்கிக்குத் தெரியாது. பிறகு ஒன்றை விட்டு ஒன்றாக, எதிரெதிராக முடுக்கி, டார்க் ரென்ச்சில் அளவு பார்த்து முடிப்பார்கள். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் அளவு பார்க்கச் சொல்வார்கள். காரணம் உங்களுக்கே தெரியும்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 1990களின் நடுவில் லாரிகளிலிருந்து சக்கரங்கள் கழன்று பறந்து, எதிரே வந்த கார்களில் மோதி உயிர்களைக் குடித்தன. 1997இல் அங்கே ஒரு கடுமையான சட்டம் வந்தது: லாரியின் சக்கரம் கழன்றால், எவ்வளவு கவனமாக இருந்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது, அபராதம் 50,000 டாலர் வரை.

பிரிட்டனில் லாரிகளை ஆராய்ந்தவர்கள், வலப்பக்கத்தைவிட இடப்பக்கச் சக்கரங்களே அதிகம் கழல்வதைக் கண்டார்கள். ஏன் என்று அறிய ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பென்சிலைவிடச் சற்றே பெரிய துளையுள்ள வளையத்தை அசையாமல் பிடித்து, பென்சிலைச் செருகி, உள்விளிம்பை ஒட்டியபடியே வலஞ்சுழியாக உருட்டுங்கள். பென்சிலில் மையால் ஒரு புள்ளி வைத்தால் நன்றாகத் தெரியும்: பென்சில் தன் அச்சில் இடஞ்சுழியாகச் சுழலும். இடைவெளி உள்ள எந்த இணைப்பிலும் சுற்றிவரும் சுமை இப்படித்தான் திருப்பப் பார்க்கும். இடப்பக்கச் சக்கரத்தில் அது சாதாரண வலப்புரி நட்டைக் கழற்றும் திசையாக அமைகிறது. 1960களில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார்களில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி வைத்திருந்தார்கள். விவரம் தெரியாதவர்கள் நட்டைத் தவறான பக்கம் திருகி ஸ்டட்டை ஒடித்ததுதான் மிச்சம்! இன்றைய கார்களில் இருபுறமும் வலப்புரிதான். சரியான இழுவிசை இருக்கும்வரை இடைவெளியே இல்லை. பென்சில் உருள இடம் ஏது?

உங்கள் சைக்கிளில் மட்டும் அந்தப் பழைய ஏற்பாடு இன்னமும் இருக்கிறது. இடப்பக்கப் பெடலைக் கழற்ற வேண்டுமானால், ஸ்பானரைக் கடிகார முள் செல்லும் திசையில் திருப்ப வேண்டும்.