64 மணி நேரத்தில் ஒரு சுற்று: சந்திரா தொலைநோக்கியின் வேலைநாள்

சில விண்பொருள்களிடமிருந்து நான்கு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் எக்ஸ்-கதிர்த் துகள் வந்து சேருகிறது. அந்த ஒன்று வந்து விழும் கணத்தில் தொலைநோக்கி சரியான திசையில் திரும்பியிருக்க வேண்டும். காமிரா மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். கதிர்வீச்சுப் பட்டையிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். பதிவு செய்ய நினைவகத்தில் இடம் மிச்சமிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பல கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த அந்தத் துகள் கணக்கில் சேராமலே போய்விடும்.

நாசாவின் சந்திரா எக்ஸ்-கதிர் ஆய்வகம் 1999 முதல் செய்துவரும் வேலை இதுதான். நாம் செய்திகளில் பார்ப்பது அதன் வண்ணப் படங்களை மட்டும். அந்தப் படங்களுக்குப் பின்னால் உள்ள அன்றாட வேலை என்னவென்று தெரிந்துகொண்டால், அந்தப் படங்களின் மீதான மதிப்பு இன்னும் கூடும் என்றே நினைக்கிறேன்.

முதலில், இந்த வேலையை ஏன் விண்ணுக்குப் போய்ச் செய்ய வேண்டும்? விண்ணிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களைப் பூமியின் காற்றுமண்டலம் முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. எத்தனை உயரமான மலையில் தொலைநோக்கி வைத்தாலும் பயனில்லை. 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜக்கோனியின் குழு ஒரு ராக்கெட்டில் சிறு கருவியை அனுப்பி, சில நிமிடங்கள் மட்டும் வானத்தைப் பார்த்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து எக்ஸ்-கதிர் வருவது அப்போதுதான் தெரிந்தது. அதே ஜக்கோனியும் ஹார்வி டானன்பாமும் 1976-ல் ஒரு பெரிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி வேண்டும் என்று நாசாவிடம் முன்மொழிந்தார்கள். அது கைகூட 23 ஆண்டுகள் ஆயின. 1999 ஜூலை 23 அன்று ஐலீன் காலின்ஸ் தலைமையில் புறப்பட்ட கொலம்பியா விண்ணோடம் அதைச் சுமந்து சென்றது. விண்ணோட வரலாற்றில் முதல் பெண் தளபதி அவர். ஜக்கோனிக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பெயர் நமக்கு நெருக்கமானது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர், பயணத்தின்போதே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். எரிந்து முடிந்த விண்மீனின் எச்சமான வெண்குறுமீனுக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்றும், சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் அது நிலைத்து நிற்க முடியாது என்றும் அந்தக் கணக்கு சொன்னது. அந்த வரம்புக்கு அப்பால் என்ன நடக்கும் என்ற கேள்விதான் நியூட்ரான் விண்மீன்களுக்கும் கருந்துளைகளுக்கும் இட்டுச் சென்றது. அவை இரண்டும் எக்ஸ்-கதிர் வானத்தில் பிரகாசமாகத் தெரிபவை. எனவே நாசா நடத்திய பெயர்ப் போட்டியில் அவருடைய பெயர் வென்றது பொருத்தமான முடிவு.

சந்திராவின் பாதை வழக்கத்துக்கு மாறானது. ஹபிள் தொலைநோக்கி சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. ஆகவே அதன் பார்வையைப் பூமி அடிக்கடி மறைத்துவிடும். சந்திரா ஒரு நீள்வட்டத்தில் சுற்றுகிறது. ஒரு முனையில் பூமிக்கு ஓரளவு அருகே வரும். மறுமுனையில் சுமார் 1,40,000 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். அது நிலவுக்கான தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒரு சுற்றுக்குச் சுமார் 64 மணி நேரம். அதில் 55 மணி நேரம் வரை இடையூறின்றிப் பார்க்க முடியும் என்ற கணக்கில்தான் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஹபிளைப் பழுதுபார்க்க விண்வெளி வீரர்கள் ஐந்து முறை போனார்கள். சந்திரா சுற்றும் உயரத்துக்கு அப்படி யாரும் போக முடியாது. கெட்டுப்போனதைக் கழற்றி மாற்றும் வழி இல்லாததால், உள்ளதை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது என்பதே அங்குள்ளவர்களின் அன்றாடக் கவலை.

அந்தக் கவலையைச் சுமப்பவர்கள் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் நகரில் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தின் கீழ் சந்திரா எக்ஸ்-கதிர் மையம் இயங்குகிறது. கட்டுப்பாட்டு அறை அருகிலுள்ள பர்லிங்டனில் இருக்கிறது. உலகெங்கும் உள்ள வானியலாளர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் அனுப்புகிறார்கள். கேட்கப்படும் நேரம், இருக்கும் நேரத்தைப் போலப் பல மடங்கு. நடுவர் குழுக்கள் தேர்ந்தெடுத்தவற்றை ஓர் ஆண்டுக்குள் பொருத்தி, பிறகு வார வாரமாகப் பிரித்து, விநாடி சுத்தமாக அட்டவணை போடுகிறார்கள். ‘இந்த நேரத்தில் இந்தத் திசைக்குத் திரும்பு, இந்தக் காமிராவை முன்னே கொண்டுவா, இத்தனை விநாடி பார்’ என்று நீளும் கட்டளைகள் தொலைநோக்கியின் கணினிக்கு முன்கூட்டியே ஏற்றப்படுகின்றன. யாரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதைத் திருப்புவதில்லை. நாளின் பெரும்பகுதி அது பூமியோடு பேசாமலே வேலை செய்கிறது.

பேச்சு ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சுமார் ஒரு மணி நேரம் நடக்கிறது. அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் உள்ள நாசாவின் பெரிய ஆன்டெனாக்களில் ஒன்று அதன் குரலைப் பிடிக்கிறது. செவ்வாயிலும் அதற்கு அப்பாலும் உள்ள கலங்களும் இதே ஆன்டெனாக்களுக்காகக் காத்திருப்பதால் நேரத்தை முன்பே பேசி வாங்க வேண்டும். சந்திரா ஒரு விநாடிக்கு 32 கிலோபிட் வீதம்தான் தரவு சேர்க்கிறது. இன்றைய கைப்பேசிக்கு அது ஒன்றுமே இல்லை. நினைவகம் சுமார் 17 மணி நேரத் தரவைத் தாங்கும். ஆகவே ஒரு பேச்சு தவறிப்போனாலும் எதுவும் அழிந்துவிடாது.

இவ்வளவு குறைந்த தரவு போதுமா என்றால், போதும். சந்திரா நாம் நினைப்பதுபோல் படம் பிடிப்பதில்லை. ஒவ்வொரு எக்ஸ்-கதிர்த் துகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. அதன் முக்கியக் காமிராவில் உள்ள சி.சி.டி. சில்லுகள் வழக்கமாக 3.2 விநாடிக்கு ஒரு முறை படிக்கப்படுகின்றன. எந்தப் புள்ளியில், எப்போது, எவ்வளவு ஆற்றலோடு துகள் விழுந்தது என்ற பட்டியல்தான் பூமிக்கு வருகிறது. பிரகாசமான பொருளைப் பார்க்கும்போது இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே 3.2 விநாடிக்குள் ஒரே புள்ளியில் இரண்டு துகள்கள் விழுந்தால், கருவி அவற்றை அதிக ஆற்றலுள்ள ஒரே துகளாக எண்ணிவிடும். அதனால் அப்படிப்பட்ட பொருள்களுக்குச் சில்லின் ஒரு சிறு பகுதியை மட்டும் வேகமாகப் படிக்கும்படி முன்பே திட்டமிடுகிறார்கள்.

என்னை அதிகம் வியக்க வைப்பது வேறொன்று. பார்க்கும் நேரம் முழுவதும் சந்திரா அசையாமல் நிற்பதில்லை. வேண்டுமென்றே மெல்ல ஆட்டப்படுகிறது. ஒரு திசையில் ஏறத்தாழ 1,000 விநாடிக்கு ஒரு முறையும், அதற்குக் குறுக்கே 707 விநாடிக்கு ஒரு முறையும் ஊசலாடுகிறது. ஒரே இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் சில்லில் உள்ள பழுதான புள்ளிகளும் சில்லுகளுக்கிடையிலான இடைவெளிகளும் படத்தில் ஓட்டைகளாக நின்றுவிடும். ஆட்டினால் அவை பரவிக் கரைந்துவிடும். தனியான ஒரு வழிகாட்டிக் காமிரா சில விண்மீன்களை விடாமல் பின்தொடர்ந்து, எந்த நொடியில் தொலைநோக்கி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று எழுதிவைக்கிறது. தரையில் கணினிகள் அந்தக் குறிப்பை வைத்து ஒவ்வொரு துகளையும் அது புறப்பட்ட இடத்தில் கொண்டுபோய் வைக்கின்றன. இத்தனை ஆட்டத்துக்குப் பிறகும் கிடைக்கும் கூர்மை, ஒரு பாகையை 7,200 கூறாக்கினால் வரும் ஒரு கூறு. எக்ஸ்-கதிர் வானியலில் இந்தக் கூர்மையை வேறெந்தத் தொலைநோக்கியும் இதுவரை எட்டவில்லை.

இதற்கு அடிப்படை கண்ணாடிகள். எக்ஸ்-கதிர் நேராக மோதினால் சாதாரணக் கண்ணாடிக்குள் புகுந்துவிடும், திரும்பாது. மேற்பரப்பை உரசிச் செல்வதுபோல் மிகச் சாய்வாக வந்தால் மட்டுமே எதிரொளிக்கும். அதனால் சந்திராவின் கண்ணாடிகள் தட்டுப்போல் இல்லாமல் குழல் வடிவில், ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு ஜோடிகளாக உள்ளன. உள்பக்கம் இரிடியம் பூசி, சில அணுக்களின் உயரத்துக்கு மேல் மேடு இல்லாதபடி மெருகேற்றியிருக்கிறார்கள்.

இனி ஆபத்துகள். பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகளைச் சந்திரா ஒவ்வொரு சுற்றிலும் கடந்தாக வேண்டும். விண்ணுக்குப் போன முதல் சில வாரங்களிலேயே இதன் கொடுமை தெரிந்துவிட்டது. பட்டையிலுள்ள குறைந்த ஆற்றல் புரோட்டான்கள் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்து, காமிராவைச் சென்றடைந்து, சில சில்லுகளைக் காயப்படுத்தின. எக்ஸ்-கதிருக்காகச் செதுக்கிய வழியே புரோட்டானுக்கும் வழிவிடும் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. காரணம் கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதல், பட்டையை நெருங்கும் முன் காமிராவைக் குவியத்திலிருந்து நகர்த்தி ஒளித்துவைப்பது ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயச் சடங்காகிவிட்டது. பட்டைகள் வரும் நேரம் தெரியும். சூரியப் புயல் வரும் நேரம் தெரியாது. புயல் அடித்தால் கலமே கதிர்வீச்சை உணர்ந்து தன் வேலையை நிறுத்தும், அல்லது விண்வெளி வானிலைத் தரவைக் கவனித்துக்கொண்டிருக்கும் குழு கட்டளை அனுப்பி நிறுத்தும். அந்த வார அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு மீண்டும் எழுத வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது வெப்பம். கலத்தைப் போர்த்தியிருக்கும் வெள்ளிநிறக் காப்புறை இத்தனை ஆண்டு வெயிலில் மங்கிவிட்டது. முன்பு வெயிலைத் திருப்பி அனுப்பிய உறை இப்போது அதை உறிஞ்சுகிறது. சூரியனுக்கு ஒரு கோணத்தில் நின்றால் மின்னணுப் பெட்டிகள் சூடேறும். இன்னொரு கோணத்தில் வழிகாட்டிக் காமிரா சூடேறி, மங்கலான விண்மீன்களை அடையாளம் காணத் திணறும். வேறொரு கோணத்தில் எரிபொருள் குழாய்கள் அளவுக்கு மீறிக் குளிரும். மொட்டைமாடியில் காயும் வடகத்தை ஒரு பக்கம் கருகாமல் பார்த்துப் பார்த்துத் திருப்பிப் போடுவதுபோலத்தான் அட்டவணை போடுபவர்கள் இந்தத் தொலைநோக்கியைத் திருப்புகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் ஒரே மூச்சில் பார்த்து முடித்த ஒரு பொருளை இன்று பல துண்டுகளாக, பல நாள்களில் பார்க்கிறார்கள். சூடான ஒரு பார்வைக்கு அடுத்து, ஆறவைக்கும் ஒரு பார்வை. விஞ்ஞானி கேட்ட மொத்த நேரம் குறைவதில்லை. அதைச் சேர்த்துக் கொடுப்பதற்கான உழைப்புதான் கூடியிருக்கிறது.

இத்தனை கட்டுப்பாடுகளுக்கு நடுவே அவசரத்துக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி எழுப்பிய ஈர்ப்பலைகளைப் பூமியிலிருந்த கருவிகள் உணர்ந்தன. சந்திரா இரண்டு நாள் கழித்து அங்கே பார்த்தது, எதுவும் தெரியவில்லை. ஒன்பது நாள் கழித்து மீண்டும் பார்த்தபோது எக்ஸ்-கதிர் தெரிந்தது. மோதலில் பீறிட்ட தாரை நம்மை நோக்கி நேராக வரவில்லை, சாய்ந்து போயிருக்கிறது என்பதற்கு அந்தத் தாமதமே முக்கியமான தடயமானது. அதற்குள் அந்தத் திசை சூரியனுக்கு மிக அருகே வந்துவிட்டது. சூரியனைச் சுற்றி ஏறத்தாழ 45 பாகைக்குள் சந்திரா பார்க்கக் கூடாது. டிசம்பர் வரை காத்திருந்து மறுபடி பார்த்தபோது அது முன்பைவிடப் பிரகாசமாகியிருந்தது.

பொறுமைக்குச் சான்று தெற்கு வானத்தின் ஒரு சிறு துண்டு. 1999 முதல் 2016 வரை பல தவணைகளில் அதையே 70 லட்சம் விநாடிகள், அதாவது சுமார் 81 நாள்கள் பார்த்திருக்கிறார்கள். அதில் தெரிந்த புள்ளிகளில் பெரும்பாலானவை தொலைவான விண்மீன்மண்டலங்களின் நடுவே வளர்ந்துகொண்டிருக்கும் கருந்துளைகள்.

ஐந்தாண்டுக்கென வடிவமைக்கப்பட்ட தொலைநோக்கி கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 2024 மார்ச்சில் வெளியான அமெரிக்க நிதிநிலை முன்மொழிவு, அதற்கான ஆண்டுத் தொகையை 6.83 கோடி டாலரிலிருந்து 4.11 கோடியாகவும், அடுத்த ஆண்டு 2.66 கோடியாகவும் குறைக்கச் சொன்னது. கலம் மூப்படைந்துவிட்டது, வெப்பத்தைச் சமாளிக்கச் செலவாகிறது என்று காரணம் காட்டப்பட்டது. சந்திரா மையத்தின் இயக்குநர் பாட்ரிக் ஸ்லேன் திறந்த மடல் எழுதி மறுத்தார். வானியலாளர்கள் பெருந்திரளாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. மங்கியது உறை, கண்ணாடியின் கூர்மை 1999-ல் இருந்தபடியே இருக்கிறது. வெப்பத்தைச் சமாளிக்கும் வித்தையோ அங்குள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் கற்றுத் தேர்ந்தது. அந்தக் குழுவைக் கலைத்துவிட்டால் பிறகு பணம் கொடுத்தும் அதை வாங்க முடியாது.

மாற்று உடனடியாக எதுவும் இல்லை. ஜப்பான் 2023-ல் ஏவிய எக்ஸ்ரிசம் ஆற்றலைப் பிரித்தறிவதில் வல்லது, ஆனால் அதன் படங்கள் கூர்மையற்றவை. ஐரோப்பாவின் நியூ அதீனா 2030-களின் பிற்பகுதிக்கான திட்டம். ஆக்சிஸ் என்ற திட்டத்தை நாசா 2024-ல் விரிவான ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது; அந்தச் சுற்றில் வெல்லும் திட்டம் 2032-ல் ஏவப்படும் என்று அப்போது அறிவித்தார்கள். நியூ அதீனா, ஆக்சிஸ் இரண்டும் சந்திராவைவிட அதிகமான துகள்களைச் சேகரிக்கக்கூடியவை. ஆனால் ஒரு பாகையில் 7,200-ல் ஒரு பங்கு என்ற கூர்மையை எட்டும்படி இரண்டில் எதுவும் வடிவமைக்கப்படவில்லை.